20 டாலர் காசு 75 லட்சம் டாலருக்குப் போன கதை

2002-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி. நியூயார்க் நகரம்.

"சோத்பி" என்ற பிரபல ஏலக் கம்பெனியின் கூடத்தில் பெரும் கூட்டம். அன்று ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு பொருள்தான். அது ஒரு தங்கக் காசு.

நம் பழைய வெள்ளி ரூபாயைவிட அது சற்றுப் பெரியது. எடை 33 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது, நாலு பவுன் எடைக்கும் மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம். மீதி ஒரு பங்கு செம்பு. காசின் முகத்தில் போட்டிருந்த மதிப்பு 20 டாலர். அதை உருக்கித் தங்கமாக விற்றிருந்தால், அன்றைய விலைக்குச் சுமார் 300 டாலர் தேறியிருக்கும்.

ஆனால், ஏலம் லட்சக் கணக்கில் ஏறியது. சில நிமிடங்களில் 66 லட்சம் டாலரில் சுத்தியல் விழுந்தது. ஏலக் கம்பெனியின் தரகையும் சேர்த்தால் 75 லட்சத்து 90 ஆயிரம் டாலர்!

அதோடு கணக்கு முடியவில்லை. "இன்னும் 20 டாலர் கொடுக்க வேண்டும்" என்றது அமெரிக்க சர்க்கார். வாங்கியவர் அதையும் கொடுத்தார்.

75 லட்சம் டாலர் கொடுத்தவரிடம் எதற்காக இந்த 20 டாலர்? அதைச் சொல்ல வேண்டுமானால், 1933-ம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

இரட்டைக் கழுகு

அமெரிக்காவில் 10 டாலர் தங்கக் காசுக்கு "கழுகு" என்று பெயர். 20 டாலர் காசு அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே, அதற்கு "இரட்டைக் கழுகு" என்று பெயர் வந்தது.

தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது, "நம் நாட்டுக் காசுகள் பார்க்க அழகாக இல்லை" என்று குறைப்பட்டார். பழைய கிரேக்க நாணயங்களைப்போல அவை அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்ற பெரிய சிற்பியை அழைத்து, அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

சிற்பி அப்போது நோயாளி. நோயோடு போராடிக்கொண்டே உருவத்தைச் செய்து கொடுத்தார். ஒரு பக்கம் கையில் தீபம் ஏந்தி நடந்து வரும் சுதந்திர தேவி. மறு பக்கம் சூரியனுக்கு மேலே பறக்கும் கழுகு. 1907-ம் ஆண்டில் காசு வெளிவந்தது. அதே ஆண்டில், காசு மக்கள் கைக்குப் போகும் முன்பே சிற்பி இறந்துவிட்டார்.

"தங்கத்தை ஒப்படையுங்கள்"

1933-ல் அமெரிக்காவில் கடும் பஞ்ச காலம். வேலை இல்லாத் திண்டாட்டம். பாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. பயந்துபோன ஜனங்கள், தங்கத்தை வாங்கி வீட்டில் பதுக்கி வைத்தார்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். (இவர் முன்னே சொன்ன தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் தூரத்து உறவினர்.) ஏப்ரல் 5-ந் தேதி ஓர் உத்தரவு போட்டார். தங்கக் காசு, தங்கக் கட்டி வைத்திருப்பவர்கள் மே மாதம் 1-ந் தேதிக்குள் பாங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும். மீறினால் 10 ஆயிரம் டாலர் வரை அபராதம். அல்லது 10 ஆண்டு வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

கையில் 100 டாலர் வரை தங்கக் காசு வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அபூர்வ நாணயம் சேர்ப்பவர்களுக்கும் விலக்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்த உத்தரவு போட்ட அதே சமயத்தில் பிலடெல்பியா நகரத்து நாணயசாலையில் "1933" என்று வருஷம் பொறித்த இரட்டைக் கழுகுகளை மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள்! மொத்தம் 4 லட்சத்து 45 ஆயிரத்து 500 காசுகள். மேலே ஓர் உத்தரவு, கீழே ஒரு வேலை. சர்க்கார் ஆபீசு எந்த நாட்டில் இருந்தாலும் இப்படித்தான் போலிருக்கிறது.

அடித்த காசை வெளியே விட முடியாது. மூட்டை கட்டிப் பெட்டகத்தில் வைத்தார்கள். இரண்டு காசுகளை மட்டும் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். மற்றவற்றை 1937-ல் உருக்கித் தங்கக் கட்டிகள் ஆக்கிவிட்டார்கள்.

உலையில் போட்ட காசுகளோடு கதை முடிந்தது என்றே சர்க்கார் நினைத்தது.

நிருபர் கேட்ட கேள்வி

1944-ம் ஆண்டு. நியூயார்க்கில் ஒரு நாணய ஏலம் நடக்க இருந்தது. ஏலப் பட்டியலில் "1933-ம் வருஷத்து இரட்டைக் கழுகு" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரர் நாணயசாலைக்கு எழுதி, "இந்த வருஷத்துக் காசு எத்தனை வெளியே வந்தது?" என்று விவரம் கேட்டார்.

பதேடுகளைப் புரட்டிய அதிகாரிகள் திகைத்தார்கள். "ஒன்றுகூட வெளியே வரவில்லையே!"

உடனே ரகசிய போலீசார் விசாரணையில் இறங்கினார்கள். அமெரிக்க ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் இலாகா அது. கள்ள நாணயம் பிடிப்பதும் அவர்கள் வேலை. ஏலத்துக்கு வந்த காசைப் பறிமுதல் செய்தார்கள். அதை விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று நூல் பிடித்துக்கொண்டே போனார்கள். எல்லா நூலும் ஒரே வாசலில் போய் முடிந்தது. பிலடெல்பியாவில் நகைக் கடை வைத்திருந்த இஸ்ரேல் ஸ்விட் என்பவரின் வாசல் அது.

"ஒன்பது காசு விற்றேன். எப்படி வந்தது என்று ஞாபகம் இல்லை" என்கிற ரீதியில் அவர் பதில் சொன்னார். நாணயசாலையில் வேலை பார்த்த ஒருவர் துணையோடு காசுகள் வெளியே போயிருக்க வேண்டும் என்று போலீசார் சந்தேகித்தார்கள். எடைக் கணக்கில் குறைவு இல்லை. ஆகவே, பழைய வருஷத்து இரட்டைக் கழுகுகளை மூட்டையில் போட்டுவிட்டு, புதியவற்றை எடுத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ஆனால், வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது. ஸ்விட் தப்பினார்.

காசு வாங்கியவர்கள் தப்பவில்லை. பணம் கொடுத்து, வெளிப்படையாக வாங்கியவர்கள் அவர்கள். ஒருவர் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார். 1947-ல் அவருக்குத் தோல்வி. 1952-ம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பது காசுகள் சர்க்கார் வசம் வந்தன. நஷ்டஈடு ஒரு காசுகூட கிடையாது. ஒன்பதையும் உருக்கிவிட்டார்கள்.

மன்னர் வீட்டுக் காசு

பத்தாவது ஒன்று இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று போலீசாருக்குத் தெரியும். ஆனால், கைவைக்க முடியவில்லை. அது இருந்தது எகிப்து மன்னர் பாரூக்கின் அரண்மனையில்!

பாரூக் மன்னருக்குப் பொருள் சேர்ப்பதில் தீராத மோகம். தபால் தலை, கைக்கடிகாரம், நகை என்று எதையும் விடமாட்டார். தங்க நாணயங்களும் பதக்கங்களும் மட்டும் 8 ஆயிரத்துக்கு மேல் வைத்திருந்தார்.

1944-ம் ஆண்டு தொடக்கத்தில் அவருடைய ஆட்கள் அமெரிக்காவில் ஓர் இரட்டைக் கழுகை வாங்கினார்கள். தங்கத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். முறையாக விண்ணப்பம் போட்டார்கள். அதிகாரிகளும் காசை வாங்கிப் பார்த்து, பிப்ரவரி மாதம் 29-ந் தேதி சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். திருட்டு வெளியே தெரிந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து!

அந்தச் சீட்டில் விழுந்த கையெழுத்துதான் பின்னால் பல லட்சம் டாலர் பெற்றது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு காசுக்காக ஒரு மன்னரோடு மல்லுக்கு நிற்க அமெரிக்கா விரும்பவில்லை. பேசாமல் இருந்துவிட்டது.

1952 ஜூலையில் எகிப்தில் ராணுவப் புரட்சி. பாரூக் மன்னர் முடியைத் துறந்து கப்பல் ஏறினார். சேர்த்து வைத்ததெல்லாம் அரண்மனையிலேயே கிடந்தது. 1954-ல் ராணுவ சர்க்கார் அவற்றை கெய்ரோவில் ஏலம் விட்டது. "இரட்டைக் கழுகு எங்களுடையது. அதை ஏலம் விடாதீர்கள்" என்று அமெரிக்கா கேட்டுக்கொண்டது. ஏலத்தில் இருந்து காசு விலக்கப்பட்டது. அமெரிக்காவுக்குத் திரும்பி வந்ததா? இல்லை. மாயமாய் மறைந்தது!

ஓட்டல் அறையில் கைது

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

1996 பிப்ரவரி மாதம். நியூயார்க்கில் வால்டார்ப் அஸ்டோரியா என்ற பெரிய ஓட்டல். லண்டனில் இருந்து வந்திருந்த ஒரு நாணய வியாபாரி, ஓர் அறைக்குள் நுழைந்தார். கையில் இரட்டைக் கழுகு. பேசி முடித்திருந்த விலை 15 லட்சம் டாலர்.

காசு வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். அசல்தான் என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்த நிமிடம் வியாபாரியைக் கைது செய்தார்கள். வாங்க வந்தவர்கள் மாறு வேஷத்தில் இருந்த ரகசிய போலீசார்!

கிரிமினல் வழக்கு நிற்கவில்லை. காசு யாருடையது என்ற வழக்கு மட்டும் ஐந்து ஆண்டு நடந்தது. "இது பாரூக் மன்னரிடம் இருந்த காசு. அவர் அதை வாங்கிப்போக நீங்களே சீட்டுக் கொடுத்தீர்கள். பிறகு எப்படித் திருட்டுப் பொருள் ஆகும்?" என்று வியாபாரி தரப்பு வக்கீல் மடக்கினார். சர்க்கார் விழித்தது.

கடைசியில் 2001-ல் ராஜி ஆயிற்று. காசை ஏலம் விடுவது. வரும் பணத்தில் ஆளுக்குப் பாதி.

வழக்கு நடந்த காலத்தில் காசு பூட்டி வைக்கப்பட்டிருந்தது நியூயார்க் உலக வர்த்தக மையக் கட்டிடத் தொகுதியில். ராஜி ஆனதும், ஜூலை மாதத்தில் அதை எடுத்து போர்ட் நாக்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்கத் தங்கத்தைக் காவல் காக்கும் கோட்டை அது. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 11-ந் தேதி, அந்த வர்த்தக மையம் விமானத் தாக்குதலில் இடிந்து விழுந்தது.

இப்போது அந்த 20 டாலர் விஷயத்துக்கு வருவோம். இந்தக் காசு சட்டப்படி ஒரு நாளும் வெளியிடப்படவில்லை. வெளியிடாத காசு, காசே அல்ல. வெறும் தங்க வில்லைதான். அதைக் காசாக்க வேண்டுமானால், அதன் முக மதிப்பை யாராவது கஜானாவுக்குக் கட்ட வேண்டும். அதற்குத்தான் 20 டாலர்! கட்டிய பிறகு, "இன்று முதல் இது செல்லும்" என்று பத்திரமும் கொடுத்தார்கள்.

ஏலத்தில் எடுத்தவர் பெயர் அப்போது வெளியே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் என்ற செருப்புத் தயாரிப்பாளர் அவர். சீமாட்டிகளும் சினிமா நட்சத்திரங்களும் அணியும் செருப்புகளைச் செய்து பெயர் வாங்கியவர். சிறு வயதில் தபால் தலையும் காசும் சேர்த்த பையன், பெரியவனானதும் ஆசையைத் தீர்த்துக்கொண்டான்! 2021 ஜூன் மாதம் அவர் அதைத் திரும்ப ஏலத்துக்கு விட்டார். 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் சுமார் 137 கோடி ரூபாய். அதுவரை எந்தக் காசும் அந்த விலைக்குப் போனதில்லை.

பெட்டகத்தில் பத்துக் காசு

இந்தச் செய்தியெல்லாம் பத்திரிகையில் படித்து யார் யாரோ வியந்தார்கள். நகை வியாபாரி ஸ்விட்டின் குடும்பத்தாருக்கு வேறு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது.

ஸ்விட் இறந்துபோய்ப் பல ஆண்டு ஆகியிருந்தது. 2003-ல் அவருடைய மகள், குடும்பத்தின் பழைய பாங்கிப் பெட்டகம் ஒன்றைத் திறந்தார். உள்ளே இரட்டைக் கழுகுகள். ஒன்று அல்ல, இரண்டு அல்ல. பத்து! எல்லாம் 1933.

ஒரு காசு 75 லட்சம் டாலர் என்றால், பத்துக் காசுக்கு எவ்வளவு? எந்தக் குடும்பத்துக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. "அசலா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று 2004-ல் நாணயசாலையிடம் கொடுத்தார்கள். பார்த்துச் சொன்னார்கள். "அசல்தான். ஆனால் திருப்பித் தரமாட்டோம். இது திருட்டுச் சொத்து!"

குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2011-ல் ஜூரிகள் சர்க்கார் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2015-ல் அப்பீல் கோர்ட்டு, சர்க்கார் உரிய கெடுவுக்குள் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறி, காசுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. குடும்பத்தார் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2016-ல் அதே கோர்ட்டின் நீதிபதிகள் கூடி, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 2017-ல் சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

ஒரே நாணயசாலை. ஒரே வருஷம். ஒரே அச்சு. ஒன்பது காசு உலைக்குப் போயிற்று. பத்துக் காசு கோட்டைக்குப் போயிற்று. ஒரு காசு மட்டும் கோடி டாலரைத் தாண்டியது. தங்கத்தில் வித்தியாசம் குண்டுமணி அளவுகூட இல்லை. ஒன்றுக்குச் சீட்டு இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை!

அலமாரியில் தூங்கிய ஐந்து

நாணயம் சேர்ப்பவர்கள் ஏங்கும் காசு இது ஒன்று மட்டும் அல்ல.

அமெரிக்காவில் 5 சென்ட் காசுக்கு "நிக்கல்" என்று பெயர். "சுதந்திர தேவி தலை" போட்ட நிக்கல் 1912-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால், 1913 என்று போட்ட ஐந்து காசுகள் மட்டும் எப்படியோ உலகத்தில் இருக்கின்றன.

அதில் ஒன்றை வைத்திருந்தவர் 1962-ல் நாணயக் கண்காட்சிக்குக் காரில் போனபோது, விபத்தில் இறந்தார். காசு தப்பியது. குடும்பத்தார் அதை நிபுணர்களிடம் காட்டினார்கள். "இது போலி. வருஷத்தை மாற்றிச் செய்திருக்கிறார்கள்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்கள். நாற்பது ஆண்டு அது அங்கேயே கிடந்தது.

2003-ல் ஒரு கண்காட்சியில் மற்ற நாலு காசுகளையும் ஓர் இடத்தில் வைத்தார்கள். அலமாரிக் காசையும் கொண்டுவந்து, அவற்றின் பக்கத்தில் வைத்து ஆறு நிபுணர்கள் உற்றுப் பார்த்தார்கள். அசல்! 2013-ல் அது 31 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

இங்கிலாந்தில் அதே 1933-ம் வருஷத்துக்கு வேறு ஒரு கதை உண்டு. பென்னி காசு அளவுக்கு மேல் கையிருப்பு இருந்ததால், அந்த ஆண்டு புதிதாக அடிக்கவில்லை. ஆனால், கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் வைக்கும்போது அந்த வருஷத்துக் காசுகளை அடியில் போடுவது அங்கே வழக்கம். நம் ஊரில் கடைக்கால் போடும்போது நவதானியமும் காசும் போடுவதில்லையா, அதைப்போல! அதற்காகவும் பொருட்காட்சி சாலைக்காகவும் ஒரு சில பென்னிகளை மட்டும் அடித்துக் கொடுத்தார்கள்.

1970-ல், லீட்ஸ் நகரத்தில் ஒரு மாதா கோவிலின் மூலைக் கல்லைப் பெயர்த்து, அடியில் இருந்த பென்னியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதே ஊரில் மற்றொரு மாதா கோவிலின் அடியிலும் ஒரு பென்னி இருந்தது. "நம் கல்லையும் பெயர்த்துவிட்டால் என்ன செய்வது?" என்று பயந்து, கோவில்காரர்களே அதைத் தோண்டி எடுத்து, 1972-ல் விற்றுவிட்டார்கள்.

யானையா, பன்றியா?

நம் நாட்டுக் காசுகளிலும் இப்படி ஒன்று உண்டு. 1911-ம் ஆண்டு வெள்ளி ரூபாய்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அங்கி அணிந்து, கழுத்தில் பதக்க மாலை போட்டிருப்பதுபோல அதில் உருவம் பொறித்தார்கள். மாலையில் ஒரு சிறு யானை. ஆனால், அச்சு செய்தவர் துதிக்கையைக் குட்டையாகப் போட்டுவிட்டார். ஜனங்கள் பார்த்தார்கள். "இது யானை அல்ல, பன்றி!" என்றார்கள். பேச்சு பரவியது. முஸ்லிம்கள் காசைத் தொட மறுத்தார்கள். மற்றவர்களுக்கும் பிடிக்கவில்லை.

கல்கத்தா, பம்பாய் நாணயசாலைகளில் சுமார் 94 லட்சம் ரூபாய்கள் அடித்திருந்தார்கள். அதில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. சர்க்கார் உடனே நிறுத்தி, கைவசம் இருந்ததை உருக்கிற்று. 1912-ம் ஆண்டு ரூபாயில் துதிக்கை நீண்டு, காதும் தெளிவாகி, யானை யானையாகவே வந்தது.

அந்த "பன்றி ரூபாய்" இப்போதும் சில வீடுகளில் பாட்டியின் சுருக்குப் பையிலோ, பூஜை அறை உண்டியலிலோ அகப்படுவது உண்டு. கோடி டாலர் பெறாது. ஆனால், அடுத்த வருஷத்து ரூபாயைவிட அதிகம் கொடுத்து வாங்க ஆள் உண்டு.

அப்படி ஒன்று அகப்பட்டால், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! சாம்பல், விபூதி, எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கு நாணயம் சேர்ப்பவர்களிடம் மதிப்புக் குறைவு. கறுத்துப்போய் இருந்தால், கறுத்தபடியே இருக்கட்டும்.

இன்னொன்று. "உங்கள் பழைய காசுக்கு லட்சம் ரூபாய் தருகிறோம். முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று விளம்பரம் செய்து ஏமாற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் பாங்கியின் பெயரைச் சொல்லியே பணம் பறித்தார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, யாரையும் கமிஷன் வசூலிக்க நியமிக்கவும் இல்லை என்று அறிவித்தது.

காசு உங்களுடையது. வாங்குகிறவர்தானே பணம் கொடுக்க வேண்டும்?